எந்தப் பக்கம் இருந்தால் மன்னார் தெரியும்?

போன மாதம் இந்தப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: விமானத்தில் யன்னல் சீற் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் எந்தப் பக்கத்து யன்னல் என்று பார்த்து எடுங்கள் என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதம் முழுப் பக்கமும் யன்னலுக்கே.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது வயது. மன்னார் பேசாலையில் பிறந்து வளர்ந்தவர், இப்போது எங்களோடு கொழும்பில் இருக்கிறார். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், சென்னைக்குக் காலை விமானம். அவருக்கு இதுதான் முதல் விமானப் பயணம். எந்தப் பக்கம் யன்னல் எடுத்தால் ஊர் தெரியும்?
– வாசகி, வெள்ளவத்தை

இடது பக்கம் எடுங்கள், 'ஏ' என்று எழுத்துப் போட்ட சீற். வானம் தெளிவாக இருந்தால் ஊர் தெரியும், அதோடு வேளாங்கண்ணிக் கரையும் தெரியும், உங்கள் அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான யன்னல் இருக்க முடியாது.

ஏன் இடது என்றால், வரைபடத்தை ஒரு தடவை விரித்துப் பாருங்கள். கட்டுநாயக்கவுக்கு ஏறக்குறைய நேர் மேலே, வடக்கில்தான் சென்னை இருக்கிறது. வடக்கே பார்த்து இருப்பவருக்கு இடது கைப்பக்கம் மேற்கு. கற்பிட்டி, மன்னார்த்தீவு, தலைமன்னார், அதற்கு அப்பால் தனுஷ்கோடி, இராமேஸ்வரம் எல்லாம் அந்தப் பக்கம்தான் வரும். காலை நேரம் என்பது இன்னும் நல்லது, வெயில் கிழக்கே வலது பக்கத்து ஆட்களின் முகத்தில் அடிக்கும், இடது பக்கத்தில் இருப்பவருக்குச் சூரியன் முதுகுக்குப் பின்னால் நின்று கீழே இருக்கிற மண்ணுக்கும் கடலுக்கும் வெளிச்சம் போட்டுக்கொடுக்கும்.

அம்மாவுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லி வையுங்கள். ஆகஸ்டில் தென்மேற்குக் காற்று அடிப்பதால் விமானம் பெரும்பாலும் நீர்கொழும்புக் களப்புப் பக்கமாகக் கிளம்பிக் கடலுக்கு மேல் போய், பிறகு வலது பக்கம் சாய்ந்து வடக்கே திரும்பும். சாய்கிற அந்த நேரத்தில் வலது பக்கத்து யன்னலில் நிலம் தெரியும், உங்கள் யன்னலில் வெறும் ஆகாயம்தான் தெரியும். தப்பான பக்கம் எடுத்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்தில் விமானம் நிமிர்ந்துவிடும்.

கிளம்பிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் புத்தளம் களப்பு வரும், அதற்கு வெளியே நீட்டிய விரல் போல கற்பிட்டி. களப்போரத்தில் கட்டம் கட்டமாக உப்பளங்கள் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். அதிலிருந்து கண்ணை எடுக்க வேண்டாம். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் மன்னார்த்தீவு. பெருநிலத்தோடு அதை இணைக்கிற பாலமும் தாம்போதியும் ஒரு நூல் போலத் தெரியும், அந்த நூலிலிருந்து தீவு வடமேற்கே நீண்டு போகும். தெற்குக் கரையில் 30 காற்றாலைகள் நிற்கின்றன, நல்ல வெளிச்சமும் கூர்மையான கண்ணும் இருந்தால் வரிசையாகப் புள்ளி புள்ளியாகப் பிடிபடும். பேசாலை அதற்கு எதிர்ப்பக்கம், வடக்குக் கரையின் நடுப்பகுதியில். கோயிலோ வீடுகளோ அந்த உயரத்திலிருந்து தெரியாது, ஆனால் கரையின் எந்த வளைவில் தன்னுடைய ஊர் இருக்கிறது என்று அம்மாவே உங்களுக்குக் காட்டுவார். கடற்கரை ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த வளைவு மறக்காது.

தீவு முடிகிற இடம் தலைமன்னார். அங்கிருந்துதான் மணல்திட்டுகள் தொடங்கித் தனுஷ்கோடி வரைக்கும் போகின்றன, சுமார் 30 கிலோமீற்றர். இராமர் அணை என்கிறோம், ஆதாம் பாலம் என்கிறோம். தரையில் நின்று பார்த்தால் அதில் கால்வாசிகூடத் தெரியாது, படகில் போனாலும் ஒரு திட்டு, இரண்டு திட்டுத்தான். முழுசாக, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரே பார்வையில் பார்க்க மேலே போனால்தான் முடியும். திட்டுகளுக்கு வடக்கே பாக்கு விரிகுடா ஆழம் குறைந்து கலங்கிய பச்சையாக இருக்கும், தெற்கே மன்னார் வளைகுடா கடும் நீலம். இந்த இரண்டு நிறத்துக்கும் நடுவில் வெள்ளைக் கீறலாக அந்த மணல். நான் இந்த வழியில் எத்தனையோ தடவை போய்விட்டேன், இன்றைக்கும் அந்த இடம் வரும்போது கையில் இருக்கிற பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறி அக்கரைக்குப் போய் வந்த தலைமுறை உங்கள் அம்மாவுடையது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த கதையும் சின்ன வயதில் வீட்டில் கேட்டிருப்பார். பக்கத்தில் இருந்து கேளுங்கள், சொல்லட்டும்.

அதற்குப் பிறகு நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு எல்லாம் இதே பக்கத்தில் வரிசையாக வரும். பிறகு பத்து நிமிடம் கடல். பிறகு கோடியக்கரை. அங்கிருந்து இந்தியக் கரை இடது பக்கத்திலேயே வடக்கு நோக்கி ஓடும், நாகப்பட்டினத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரையோரமாக இருப்பது வேளாங்கண்ணி.

திரும்பி வரும்போது எல்லாம் மறுபக்கம், ஆகவே 'எஃப்'. அதையும் காலை விமானமாக எடுக்க முடிந்தால் எடுங்கள், பின்னேரம் என்றால் மேற்கு வெயில் நேரே கண்ணில் குத்தும்.

இன்னொன்று: சிலர் வேளாங்கண்ணிக்குத் திருச்சி வழியாகப் போவார்கள், அது கிட்ட. அப்படி ரிக்கற்றை மாற்றினால் பக்கத்தையும் மாற்ற வேண்டும். திருச்சி விமானம் வடமேற்காகச் சரிந்து மன்னார் வளைகுடாவுக்கு மேலால் போவதால் கற்பிட்டியும் மன்னாரும் மணல்திட்டும் வலது பக்கத்துக்கு வந்துவிடும்.

கேள்வி: மேலதிகக் காசு கட்டி யன்னல் சீற் எடுத்தேன். போய் இருந்தால் பக்கத்தில் வெறும் சுவர். முன்சீற்காரரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி மூன்று மணித்தியாலம் போனேன். இதை முதலே எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

உங்கள் கோபம் நியாயமானது, யன்னல் என்று சொல்லி விற்றால் யன்னல் இருக்க வேண்டும். காரணம் இதுதான்: விமானத்தின் யன்னல்கள் உடற்கூட்டின் சட்டங்களுக்கு நடுவில், மாறாத இடைவெளியில் இருக்கின்றன. சீற்கள் தரையில் உள்ள தண்டவாளம் போன்ற பட்டியில் பூட்டப்படுகின்றன, எத்தனை வரிசை போடுவது என்பது விமான நிறுவனத்தின் முடிவு. இரண்டும் எல்லா வரிசையிலும் பொருந்தாது. அதற்கு மேல், போயிங் 737 போன்றவற்றில் ஏசிக் காற்று கீழிருந்து கூரைக்கு ஏறுகிற குழாய் சுவருக்குள்ளே போகிறது. அந்த இடத்தில் யன்னலே வைக்கவில்லை. பொதுவாக இறக்கைக்குச் சற்று முன்னால் இருக்கிற வரிசைகளில் இது வரும். கதவுகளுக்குப் பக்கத்து வரிசைகளிலும் சந்தேகப்படுங்கள்.

சீற் தெரிவு செய்கிற படத்தில் இறக்கை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பெரும்பாலும் காட்டியிருப்பார்கள். அவசர வழிகள் இறக்கைக்கு மேல் இருக்கும், அதை வைத்தும் கணக்குப் போடலாம். சென்னைக்கும் மாலைத்தீவுக்கும் போகிற ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானத்தில் நடுப்பகுதி வரிசைகள், ஏறக்குறைய மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, இறக்கைக்கு மேல்தான். அங்கே இருந்தால் கீழே நிலம் தெரியாது. பிஸ்னஸ் கிளாஸ் திரைக்குப் பின்னால் வருகிற முதல் சில வரிசைகள் எனக்கு எப்போதும் முதல் தெரிவு. கடைசி வரிசைகளும் பரவாயில்லை, ஆனால் எஞ்சினிலிருந்து வருகிற சூடான காற்று அந்தப் பக்கமாகத்தான் போகும், அதற்கூடாகப் பார்க்கும்போது கீழே இருப்பது வெயில் நேரத்துத் தார் வீதி போல நெளியும். முன் வரிசையில் அந்தத் தொல்லை இல்லை.

பெரிய விமானங்களில் எழுத்தையும் கவனியுங்கள். இரண்டு நடைபாதை உள்ளவற்றில் வலது யன்னல் பெரும்பாலும் 'கே', 'எஃப்' என்பது நடுவில் மாட்டிக்கொள்கிற சீற்.

கேள்வி: வெயில் எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஏதாவது வழி?
– வாசகர், தெஹிவளை

போகிற திசையும் கிளம்புகிற நேரமும் தெரிந்தால் போதும். வடக்கே போனால் காலையில் வெயில் வலது பக்கம், பின்னேரம் இடது. தெற்கே போனால் அப்படியே மாறும். கிழக்கே மேற்கே போகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் யோசனை வேண்டும். நாங்கள் நிலநடுக்கோட்டுக்கு மிகக் கிட்ட இருப்பதால் இங்கே ஜூனில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், டிசம்பரில் தெற்கே. ஆகவே டிசம்பரில் சிங்கப்பூருக்குப் பகல் விமானத்தில் கிழக்கே போகிறவருக்கு வலது பக்கம் வெயில், ஜூனில் நண்பகலை ஒட்டிக் கிளம்பினால் அதே பயணத்தில் இடது பக்கம்.

நிலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வெயில் இல்லாத பக்கம் என்பது என் பிடிவாதமான கருத்து. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கீழே வெண்மேகம் படுத்திருக்கிற நாளில், வெயிலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தால் விமானத்தின் நிழல் மேகத்தின் மேல் ஓடும், அந்த நிழலைச் சுற்றி வட்டமாக, நிறம் நிறமாக ஒரு ஒளிவளையம் தெரியும். மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் வருவது. விமானம் தாழ்வாகப் பறந்து நிழல் பெரிதாக விழுகிற நேரத்தில் உற்றுப் பார்த்தால் வளையத்தின் நடு, நிழலில் நீங்கள் இருக்கிற அதே இடத்தில் இருக்கும். முன்னால் இருப்பவருக்கு அவருடைய இடத்தில். நான் முதலில் பார்த்தது ஒரு ஜூலை மாதம், வந்து இறங்குகிற நேரம், சிலாபத்துக்கு மேலே. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஐயாவைத் தட்டிக் கூப்பிட்டுக் காட்டினேன், இருவரும் அது மறையும் வரைக்கும் பேசவேயில்லை.

அஸ்தமனம் பார்க்க விரும்புகிறவர்கள் வெயில் பக்கம் எடுக்கட்டும், அது வேறு சந்தோசம். ஆனால் சூரியன் மறைந்த உடனே கிழக்குப் பக்கத்து யன்னலில் தொடுவானத்தோடு ஒரு கருநீலப் பட்டை எழும்பும், அதற்கு மேல் மெல்லிய ரோஜா நிறம். கீழே இருக்கிற அந்தக் கருநீலம் பூமியின் நிழல். அதை ஆட்கள் கவனிப்பதே இல்லை.

கேள்வி: கட்டுநாயக்கவில் இறங்கும்போது கொழும்பைப் பார்க்க எந்தப் பக்கம்? ஒரு தடவை கடல் வழியாக இறங்கியது, அடுத்த தடவை தென்னந்தோட்டம் வழியாக இறங்கியது, குழப்பமாக இருக்கிறது.
– வாசகி, வத்தளை

குழப்பத்துக்குக் காரணம் காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், ஏறும். அங்கே ஓடுபாதை ஒன்றுதான், வடகிழக்கு – தென்மேற்காகக் கிடக்கிறது, ஒரு முனையில் 04 என்றும் மறுமுனையில் 22 என்றும் எழுதியிருக்கும். பக்கத்தில் ஒரு பூச்சியம் போட்டால் திசைகாட்டியில் எத்தனை பாகை என்று வந்துவிடும், 40, 220. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மே முதல் செப்டெம்பர் வரை பெரும்பாலும் தென்னந்தோட்டப் பக்கமிருந்து இறங்கும். வடகிழக்குக் காற்று அடிக்கிற டிசம்பர், ஜனவரியில் கடல் பக்கமிருந்து, களப்புக்கு மேலால் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

களப்பு வழியாக வந்தால் இடது யன்னலில் நீர்கொழும்பு, வலது யன்னலில் முத்துராஜவெல சதுப்புநிலம். கொழும்பு நகரம் தெற்கே விலகி இருப்பதால் வலது பக்கத்தவர்கள் கடைசித் திருப்பத்தின்போது பார்த்தால் தாமரைக் கோபுரத்தைப் பிடிக்கலாம், 350 மீற்றருக்கு மேல் உயரமானது, கட்டடங்களுக்கு நடுவில் தனியாக நிற்கும்.

கோலாலம்பூரிலிருந்து விடிய வந்து இறங்குகிற விமானம் என்றால் நான் கொழும்பை மறந்துவிட்டு மலைநாட்டைப் பார்க்கச் சொல்வேன். கிழக்குக் கரையில் நாட்டுக்குள் நுழைந்து அகலம் முழுவதையும் கடந்து வரும், இடது பக்கம் இருந்தால் மேகத்துக்கு மேலே கூம்பாக ஒரு மலை தனித்து நிற்பதைப் பார்க்கலாம். அது 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலை. உயரத்தில் பிதுருதலாகல அதைவிடப் பெரிது, ஆனால் மேலிருந்து பார்க்கும்போது அடையாளம் காணக்கூடியது இதுதான்.

கேள்வி: மகன் படிக்க லண்டன் போகிறான். எந்தப் பக்கம் எடுக்கச் சொல்ல?
– வாசகர், பம்பலப்பிட்டி

வலது, 'கே'. ஹீத்ரோவில் ஆண்டின் பெரும்பகுதி மேற்குக் காற்று, ஆகவே கிழக்கிலிருந்து நகரத்துக்கு மேலால் வந்து இறங்குவார்கள். தேம்ஸ் நதி, டவர் பிரிட்ஜ், பாராளுமன்றம் எல்லாம் வலது பக்கம். கிழக்குக் காற்று அடித்தால் கிடைக்காது, அது அவனுடைய அதிர்ஷ்டம். இதே கடிதத்தில் டில்லி வழியாக முக்திநாத் யாத்திரை போவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள்: டில்லியிலிருந்து காத்மாண்டுவுக்கு இடது பக்கம், திரும்பும்போது வலது. இமயமலை முழுவதும் வடக்கே இருக்கிறது. தௌலகிரி, அன்னபூர்ணா, மனாஸ்லு மூன்றும் 8,000 மீற்றரைத் தாண்டியவை, யன்னலுக்கு ஏறக்குறைய நேரே தெரியும், குனிந்து பார்க்கத் தேவையில்லை. எவரெஸ்ட் காத்மாண்டுவுக்கும் கிழக்கே இருப்பதால் இந்த வழியில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: யாழ்ப்பாணம் – சென்னை சின்ன விமானத்தில் எங்கே இருப்பது நல்லது?
– வாசகி, கொக்குவில் (இப்போது கொழும்பு 6)

பலாலிக்கு வருகிற ஏடிஆர் 72 விமானத்தில் இறக்கை உடலுக்கு மேலே பொருத்தியிருக்கிறது, ஆகவே கீழே பார்க்க இறக்கை மறைக்காது. முன்பாதியில் எஞ்சினும் சுழலியும் பக்கவாட்டுக் காட்சியை மறைக்கும், பின் வரிசைகளுக்குப் போங்கள். ஏறி இறங்குகிற கதவும் பின்னால்தான். ஜெட் விமானத்தைவிடத் தாழ்வாகப் பறப்பதால் நிலம் கிட்டத் தெரியும், சென்னை போகும்போது இடது பக்கம் கோடியக்கரையிலிருந்து கரை முழுவதும் கூட வரும்.

கேள்வி: போனில் எடுக்கிற படம் எல்லாம் மங்கலாக வருகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டால் யன்னலில் வானவில் தெரிகிறது. யன்னலில் பிழையா?
– மாணவர், மருதானை

பிழை இல்லை. யன்னல் கண்ணாடியால் செய்ததில்லை, அழுத்தம் தாங்குகிற ஒருவகைப் பிளாஸ்ரிக். உங்கள் கறுப்புக் கண்ணாடி போலரைஸ்ட் வகையாக இருக்கும், அது அந்தப் பிளாஸ்ரிக்கின் உள் இறுக்கங்களை நிறமாகக் காட்டுகிறது. கழற்றிவிட்டுப் பாருங்கள்.

படத்துக்கு: போனை யன்னலுக்கு மிகக் கிட்டப் பிடியுங்கள், ஆனால் முட்ட வேண்டாம், விமானத்தின் அதிர்வு படத்துக்குள் வந்துவிடும். பிளாஷை நிறுத்துங்கள். உள்ளே இருக்கிற வெளிச்சம் யன்னலில் பிரதிபலித்தால் சால்வையாலோ கறுத்த துணியாலோ சுற்றி மறையுங்கள். கிளம்பின முதல் பதினைந்து நிமிடத்தில் எடுங்கள், பிறகு யன்னலில் பனிப்பூ பூக்கத் தொடங்கலாம். நடுத் தட்டில் ஊசி போட்ட மாதிரி ஒரு சின்னத் துளை இருக்கும், அதைச் சுற்றித்தான் அது முதலில் வரும். அந்தத் துளை வேண்டுமென்றே வைத்தது, அழுத்தத்தை வெளித்தட்டு தாங்கவும் ஈரம் வெளியேறவும். குழந்தைகள் பயந்து கேட்டால் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: யன்னல் சீற்றில் இருக்கிறவர் மூடியை இழுத்து மூடிவிட்டுத் தூங்குகிறார். திறக்கச் சொல்லலாமா?
– வாசகி, கிராண்ட்பாஸ்

யன்னலோரம் இருக்கிறவருடைய முடிவு என்பதுதான் வழக்கம், தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் மூடிகளைத் திறந்து வைக்கப் பணியாளர்களே சொல்வார்கள், ஏதாவது ஆபத்து என்றால் வெளியே நெருப்பா தண்ணீரா என்று பார்த்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். அந்த இரண்டு நேரமும் உங்களுடையது, நடுச் சீற்றில் இருந்தாலும் பார்க்கலாம். மற்ற நேரத்தில், அவர் விழித்திருந்தால், "ஐயா, இன்னும் ஐந்து நிமிடத்தில் மன்னார் வரும், கொஞ்சம் திறப்பீங்களா?" என்று கேளுங்கள். நான் கேட்டு இதுவரை ஒருவரும் மாட்டேன் என்று சொன்னதில்லை, பாதிப் பேர் தாங்களும் குனிந்து பார்ப்பார்கள்.